அழாத கம்ப்யூட்டர்

அம்மன் கோயில் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு மறுநாள் காலை பதினொரு மணிக்கு வேல்விழி ஷரீபா பீவியின் ஜெராக்ஸ் கடைப் படியேறினாள். முந்தின நாள் கூட்டம் சப்பரத்தின் மேல் வீசிய பருத்தியும் மிளகாய் வத்தலும் தெருவில் மிதிபட்டுக் கிடந்தன. கூட்டுகிற பெண்கள் அவற்றை ஓரமாகக் குவித்துக்கொண்டிருந்தார்கள். வத்தல் நெடியில் அவளுக்குத் தும்மல் வந்தது. கண்ணில் நின்ற நீருக்கு ஒரு காரணம் கிடைத்ததில் அவளுக்குச் சற்று ஆறுதல்.

ஷரீபா பீவி முப்பது வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் லைன் பழுது பார்த்து ஓய்வுபெற்றவர். எந்தக் கம்பத்தில் கம்பி அறுந்திருக்கிறது என்று நாற்காலியை விட்டு எழாமலே சொல்லிவிடுவார் என்று ஊரில் பெயர். அந்தப் பெயர் ஓய்வுபெறவில்லை. போன மாதம்கூட ஒரு மொட்டைக் கடுதாசியில் விழுந்திருந்த மெல்லிய கறுப்புக் கோட்டை வைத்தே, அது யாருடைய மெஷினில் நகலெடுத்தது என்று கண்டுபிடித்திருந்தார். அதை ஊர் முழுக்கச் சொன்னவள் கடையின் கூட்டாளி இசக்கியம்மாள். ஸ்பைரல் பைண்டிங் போடுவது அவள் தொழில், துப்பறிவது அவள் ஆசை.

“பீவியக்கா, ஒரு பொருள் காணாமப்போச்சு,” என்றாள் வேல்விழி. “அது கிடைக்கணும்னு வரலை. எடுத்தது யாருன்னு மட்டும் தெரியணும். நாளைக்குள்ள தெரியணும்.”

“நகையா?” இசக்கியம்மாள் பைண்டிங்கை அப்படியே போட்டுவிட்டு வந்தாள்.

“இல்லக்கா. என் கம்ப்யூட்டர்ல இருந்த கிராஃபிக்ஸ் கார்டு.”

“ஏட்டி, இந்தக் காலத்துல அதுக்குப் போய் அழுதியா? இங்கன பாரு, எங்க கடைக்குப் புதுசு வாங்கியிருக்கோம். கார்டும் கிடையாது, கூடும் கிடையாது. படம் காட்டுத வேலையையும் ப்ராசஸரே பாத்துக்கிடுதாம்.” இசக்கியம்மாள் பெருமையோடு கையை நீட்டினாள். மேசையில் சின்ன கம்ப்யூட்டர் ஒன்று சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதன் ப்ராசஸர் வந்த சதுர அட்டை டப்பாவில் இப்போது ஸ்டேப்ளர் பின்கள் கிடந்தன.

“அவ சொல்லட்டும், இசக்கி,” என்றார் ஷரீபா பீவி.

வேல்விழி சொன்னாள். கல்யாண ஆல்பம் வடிவமைப்பது அவள் தொழில். வீட்டின் முன்னறைதான் ஸ்டுடியோ. அந்தக் கம்ப்யூட்டரைச் சேர்த்துக் கொடுத்தவன் அவள் கணவன் மகாராஜன். கல்யாணமான முதல் வருடம், அவளுக்காக ஒரு கிராஃபிக்ஸ் கார்டு வாங்க மதுரைக்குப் போய், பஸ்ஸில் அதை மடியை விட்டு இறக்காமல் கொண்டுவந்தான். எட்டு வருடம் அது உழைத்தது. பதினாலு மாதத்துக்கு முன் அவன் கோயம்புத்தூரில் பெரிய கம்ப்யூட்டர் கடையில் வேலைக்குப் போனான். கூப்பிட்டான், அவள் போகவில்லை. “என் பேரைச் சொல்லி ஊர்ல நாலு பேர் ஆல்பம் கேக்காங்க. அதை விட்டுட்டு அங்கன வந்து உங்க சமையக்கட்டுல நிக்கணுமா?” என்று கேட்டாள். “அப்ப என்னைவிட ஆல்பம் பெருசு,” என்றான். அதற்கப்புறம் இரண்டு பேரும் பேசவில்லை. வெள்ளிக்கிழமை வக்கீல் வீட்டில், இருவரும் சம்மதித்துப் பிரிகிற மனுவில் கையெழுத்து.

“நேத்துச் சாயங்காலம் நாலு மணிக்குத் தபசு பாக்கப் போனேன். திரும்பி வர நேரமாயிருச்சு, பின்வாசல் வழியாப் போய்ப் படுத்துட்டேன். இன்னைக்குக் காலையிலதான் முன்னறையைத் திறந்தேன். கம்ப்யூட்டர் பின்னால கேபிள் தொங்குது. கார்டைக் காணோம். சுவிட்சைப் போட்டா ஸ்கிரீன்ல ஒண்ணும் வரலை. கொஞ்ச நேரத்துல அண்ணன் வந்தாரு. நேத்து மகாராஜனைக் கழுகுமலை ரோட்டுல பாத்தேன், கையில என்னமோ வச்சிருந்தான்னு சொன்னாரு.”

அவள் சேலைத் தலைப்பின் ஓரத்தைச் சுருட்டினாள்.

“குடுத்த பொருளைக் கள்ளன் மாதிரி வந்து திருப்பி எடுத்துட்டுப் போற ஆளுன்னா, வெள்ளிக்கிழமை நான் யோசிக்காமக் கையெழுத்துப் போட்டுருவேன்க்கா. அவங்க எடுக்கலைன்னா...”

“பூட்டு உடைஞ்சிருக்கா?”

“இல்ல.”

“சாவி யார் யார்கிட்ட இருக்கு?”

“என்கிட்ட, அண்ணன்கிட்ட. அப்புறம் அவங்ககிட்ட ஒண்ணு.”

“திருப்பிக் கேக்கலையா?”

“கேக்கலை.”

“பூட்டையும் மாத்தலை.”

வேல்விழி தலையைக் குனிந்துகொண்டாள். ஷரீபா பீவி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுந்தார். “இசக்கி, கடையைச் சாத்து.”

ஸ்டுடியோவில் இசக்கியம்மாள் முதலில் தரையில் உட்கார்ந்து, பட்டப்பகலில் செல்போன் வெளிச்சத்தை அடித்துத் தேடினாள். “தபசுக்கு லட்சம் பேர் வந்திருக்கான். அதுல ஒரு கள்ளன் வரமாட்டானா?” என்றாள்.

“கள்ளச்சாவியோட வந்து, அலமாரியில இருக்க கேமராவை விட்டுட்டு, பழைய கார்டை மட்டும் கழத்திட்டுப் போனானா?”

இசக்கியம்மாள் கேமராவை ஏமாற்றத்தோடு பார்த்தாள்.

ஷரீபா பீவி கம்ப்யூட்டர் பெட்டியை மெல்லத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். மேல் வரிசையில் திரைக் கேபிள் மாட்டுகிற ஒரு வாய் இருந்தது. கீழே, கார்டு இருந்த இடத்தில் பளபளப்பான புதுத் தகடு ஒன்று திருகாணி போட்டு இறுக்கப்பட்டிருந்தது.

“இந்தத் தகடு முன்னாலயே உண்டா?”

“இல்லையே. கார்டு இருந்த ஓட்டைதான் அது.”

“மேல இருக்க இந்த வாயைச் சுத்திப் பசை துடைச்ச தடம் இருக்கு. என்ன ஒட்டியிருந்துச்சு?”

வேல்விழி அந்தத் தடத்தை விரலால் தொட்டாள். “சிவப்பு டேப்புக்கா. நான்தான் ஒட்டினேன். உன் ப்ராசஸருக்கு மூளை உண்டு, கண்ணு கிடையாது, இந்தக் கார்டுதான் கண்ணு, மேல மாட்டினா ஒண்ணும் தெரியாதுன்னு அவங்க சொல்லிக்கிட்டே இருப்பாங்க. நான் அவசரத்துல மேலயே மாட்டிருவேன். அதான் டேப்பை ஒட்டி அடைச்சேன். வீட்டுக்கு வாறவங்க எல்லாரும் அதைச் சொல்லிச் சிரிப்பாங்க.”

டேப் இப்போது இல்லை. தரையிலும் இல்லை.

ஷரீபா பீவி சுவிட்சைப் போட்டார். பெட்டியில் ஒரு நீல விளக்கு எரிந்தது. மின்விசிறி சுற்றுகிறதா என்று காதை வைத்துத்தான் கேட்க வேண்டியிருந்தது. திரை கறுப்பாகவே இருந்தது.

“முன்னால கார்டு ஆடிப்போனா என்ன செய்யும்?”

“பீப் பீப்னு கத்தும். தெருவரைக்கும் கேக்கும். அவங்க வந்து கழட்டித் துடைச்சு மாட்டுவாங்க.”

“இப்பக் கத்தலையே.”

“செத்துப்போச்சு போலக்கா.”

ஷரீபா பீவி கீபோர்டில் ஒரு பட்டனைத் தட்டினார். ஓரத்தில் சின்னப் பச்சைப் புள்ளி எரிந்தது. மறுபடி தட்டினார், அணைந்தது. ரிசீவரில் டயல் டோன் கேட்டவர் போல அவர் முகத்தில் ஒரு நிம்மதி.

“கார்டுல முன்னாலயே ஏதாவது கோளாறு இருந்துச்சா? அது வேற யாருக்காவது தெரியுமா?”

“மூணு வாரமா படம் நடுங்குச்சு. ஆல்பக்காரங்க வாட்ஸப் குரூப்புல பழைய கார்டு யார்கிட்டயாவது இருக்கான்னு கேட்டிருந்தேன்.” கொஞ்சம் தயங்கிவிட்டு, “அவங்களும் அந்தக் குரூப்புல இருக்காங்க. ஒண்ணும் போடமாட்டாங்க, பாக்க மட்டும் செய்வாங்க,” என்றாள். அவன் பார்த்தானா என்று தினமும் போய்ப் பார்ப்பதை அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவுமில்லை.

வாசலில் பைக் நின்றது. அண்ணன் சௌந்தரபாண்டியன் உள்ளே வந்தார். திருவேங்கடம் ரோட்டில் விதைக்கடை வைத்திருப்பவர். அப்பா போனபின் தங்கையைப் பார்த்துப் பார்த்து வளர்த்தவர்.

“ஏட்டி வேலு, இதுக்குப் போயி ஊரைக் கூட்டியிருக்க?” என்றவர், ஷரீபா பீவியைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினார். “வாங்கக்கா. இதுல துப்பறிய என்ன இருக்கு? அவன் வந்தான், எடுத்தான், போயிட்டான். நான்தான் கண்ணால பாத்தேனே.”

“அதான் உங்ககிட்டக் கேக்கலாம்னு இருந்தேன், தம்பி. கையில என்ன வச்சிருந்தான்?”

“ஒரு டப்பா.”

“எம்புட்டுப் பெருசு?”

“இம்புட்டு.” சௌந்தரபாண்டியன் இரண்டு கைகளாலும் காற்றில் ஒரு சதுரம் காட்டினார். கால் கிலோ லட்டு வைக்கிற அளவு. “நல்லாப் பளபளன்னு அட்டை டப்பா.”

“அப்ப அதுக்குள்ளதான் கார்டு!” என்றாள் இசக்கியம்மாள். “முடிஞ்சுது கேசு.”

“காபி குடிக்கலாமா, வேலு?” என்றார் ஷரீபா பீவி. “எல்லாரும் உக்காருங்க. தம்பி, நீங்களும்.”

காபி வந்தது. ஷரீபா பீவி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, ரேஷன் கடை வரிசையில் நிற்பவர் பேசுவதைப் போல அவசரமில்லாமல் ஆரம்பித்தார்.

“லைன் பழுதுன்னு சொன்னா நாங்க முதல்ல கேக்கது ஒண்ணுதான். உயிர் இருக்கா, இல்லையா? வேலு கம்ப்யூட்டர் செத்துப்போச்சுன்னு சொல்லுதா. ஆனா பட்டனைத் தட்டினா கீபோர்டுல விளக்கு எரியுது, அணையுது. உள்ள ஆள் முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கான். அடுத்தது, கண்ணு இல்லாத மூளைகிட்ட இருந்து கண்ணைப் பிடுங்கினா அது கத்தணும். கார்டு கொஞ்சம் ஆடினதுக்கே தெருவரைக்கும் அழுத பிள்ளை, கார்டே இல்லாதப்ப ஏன் அழலை? பிள்ளை அழலைன்னா பால் கிடைச்சிருச்சுன்னு அர்த்தம்.”

“பாலா?” என்றாள் இசக்கியம்மாள்.

“திருட வந்தவன் ஓட்டையைத் தகடு போட்டு மூடுவானாட்டி? பல்லி, கரப்பான் உள்ள போயிரக்கூடாதுன்னு திருகாணி வேற போட்டிருக்கான். கீழ இருக்க கார்டைத் திருடுதவனுக்கு மேல இருக்க டேப்பை உரிச்சுப் பசையைத் துடைக்க என்ன வேலை? மேல இருக்க வாய் இனிமே வேணும்கிறதாலதான் திறந்திருக்கான். எங்க கடைக்கு வாங்கினோமே, அந்த மாதிரி. முன்னால கிராஃபிக்ஸோட வந்த ப்ராசஸர் கணக்கு வழக்கு பாக்கத்தான் லாயக்கு. இப்ப வாறது நடுத்தர விலையிலயே ஆல்பம் வேலை வரைக்கும் தாங்குது. மூளைக்குள்ளயே கண்ணு. இசக்கி, அந்தப் பக்கக் கதவைக் கழத்து.”

இசக்கியம்மாள் திருகாணிகளைக் கழற்றினாள். உள்ளே ஒரு துளி தூசி இல்லை. எட்டு வருடமாக வேல்விழி பார்த்துப் பழகிய பச்சை மதர்போர்டுப் பலகையின் இடத்தில் கறுப்புப் புதுப் பலகை இருந்தது. ஒயர்கள் எல்லாம் சடை பின்னியது போல ஒழுங்காகக் கட்டப்பட்டு, ஒவ்வொரு கட்டின் நுனியும் ஒரே பக்கம் சாய்த்து வெட்டப்பட்டிருந்தது. அப்படி வெட்டுகிற கையை அவளுக்குத் தெரியும். ஊரில் வேறு யாரும் அப்படி வெட்டுவதில்லை.

“கேபிளை மேல மாட்டு,” என்றார் ஷரீபா பீவி.

மேல் வாயில் கேபிளைச் சொருகினாள். ஒரு மூச்சு விடுகிற நேரம். திரை வெளுத்து, நீலமாகி, நேற்று அவள் பாதியில் விட்டுப் போன ஆல்பத்தின் கோப்புகள் வரிசையாக வந்து நின்றன. ஒன்றைத் திறந்தாள். புளியங்குடிக் கல்யாணப் பெண் திரை முழுக்கச் சிரித்தாள். ஒரு துளி நடுக்கம் இல்லை.

“எடுக்க வரலை. குடுக்க வந்திருக்காங்க,” என்றாள் வேல்விழி மெதுவாக. பிறகு, “அப்ப கேபிளை ஏன் தொங்க விட்டுட்டுப் போனாங்க?”

“அவன் விடலை. திருகாணி நுனி வரைக்கும் பாத்துப் பாத்துச் செய்தவன், கேபிளை மாட்டிப் படம் வருதான்னு பாக்காம எழுந்திருக்கவே மாட்டான். அவன் போனப்புறம் வேற ஒருத்தர் பிடுங்கியிருக்காரு. கார்டு இல்லாம மேல மாட்டினா ஒண்ணும் வராதுன்னு இந்த வீட்டுல எல்லாரும் எட்டு வருசமா நம்புதாங்க. பிடுங்கினவரும் அப்படித்தான் நம்பியிருக்காரு. கார்டு போச்சு, இனி இது பிணம், கேபிளும் தொங்கினா களவு மாதிரி இருக்கும்னு நெனைச்சிருக்காரு.” ஷரீபா பீவி டம்ளரைக் கீழே வைத்தார். “வேலு, அந்தக் கார்டு எவ்வளவு நீளம்?”

வேல்விழி தன் முழங்கையைத் தொட்டு மணிக்கட்டுவரை காட்டினாள். காட்டிக்கொண்டிருக்கும்போதே அவள் பார்வை அண்ணன் பக்கம் திரும்பியது.

“தம்பி காட்டின டப்பாவுல அது போகாது. அந்த அளவு டப்பா ஒண்ணு எங்க மேசையில இருக்கு. ப்ராசஸர் வந்த டப்பா. ப்ராசஸரை இங்கன மாட்டிட்டு, காலி டப்பாவை எதுக்குக் கையில தூக்கிக்கிட்டுக் கழுகுமலை ரோட்டுல போறான்? அவன் கொண்டு போகலை. இங்க விட்டுட்டுத்தான் போயிருக்கான். நீங்க அந்த டப்பாவை ரோட்டுல பாக்கலை தம்பி. இந்த மேசையில பாத்தீக.”

இசக்கியம்மாள் சௌந்தரபாண்டியன் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

சௌந்தரபாண்டியன் இரண்டு உள்ளங்கைகளாலும் முகத்தை அழுத்தித் துடைத்தார். “கார்டும் டப்பாவும் என் கடையில விதை மூட்டைக்குப் பின்னால இருக்கு. கார்டைப் பேப்பர் சுத்தி மேசையில வச்சிருந்தான், அப்படியே எடுத்துட்டுப் போனேன்,” என்றார். “நேத்து இவ வெளிய போன நேரத்துல முன்னறையில வெளிச்சம் தெரியுதேன்னு வந்து பாத்தேன். நான் வாறதுக்குள்ள அவன் போயிட்டான். டப்பாவுக்குள்ள ஒரு காயிதம். படிச்சேன்.”

“எனக்கு வந்த காயிதத்தையா, அண்ணே?”

“ஆமாட்டி, உனக்கு வந்ததைத்தான். திரும்பி வாரேன்னு ஒரு வரி எழுதியிருந்தான்னா, சத்தியமா உன் கையில குடுத்திருப்பேன். எழுதலையே! இதைப் படிச்சா நீ இன்னும் ரெண்டு வருசம் வாசலைப் பாத்துக்கிட்டு நிப்ப. அம்மன் தபசு நின்னா சாமி வருசா வருசம் வந்து காட்சி குடுக்காரு. உனக்கு எவன் வந்தான்? பதினாலு மாசமா நீ ஒருவேளை சோறு ஒழுங்காத் தின்னதை நான் பாக்கலை. வெட்டிவிட்டாலாவது தின்பியான்னு பாத்தேன்.” அவர் குரல் உடைந்தது. “தப்புத்தான். போ.”

சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து மேசையில் வைத்தார். வேல்விழி பிரித்தாள். கட்டம் போட்ட நோட்டுத் தாள். அவனுடைய சாய்ந்த எழுத்து.

‘வேலு, உன் பழைய கார்டு இனித் தாங்காது. குரூப்பில் நீ கேட்டதைப் பார்த்தேன். புது ப்ராசஸர் போட்டிருக்கிறேன். இதற்குக் கண் தனியாக வேண்டாம். கேபிளை மேலே மாட்டியிருக்கிறேன், பழக்க தோஷத்தில் கீழே தேடாதே. பழைய கார்டை மேசையில் வைத்திருக்கிறேன், தூக்கிப்போட எனக்கு மனசு வரவில்லை. கையெழுத்துப் போடத்தான் வேண்டுமென்றால் போடு. அதற்காக உன் ஆல்பம் நிற்கக்கூடாது. நீ கூட்டத்தில் நின்றதைத் தூரத்திலிருந்து பார்த்தேன், மாம்பழக் கலர் சேலை. கிட்டே வரவில்லை. வந்தால் திரும்பிப் போக முடியாது. திரை வந்ததா என்று மட்டும் ஒரு வார்த்தை சொல்.’

இரண்டாவது முறை படிக்கும்போது எழுத்து கலங்கியது. பத்தடி தூரத்தில் நின்றிருப்பானா, ஐம்பதடியா? நேற்றுச் சப்பரத்தைப் பார்த்தபடி நின்ற அவ்வளவு நேரமும், இதே கூட்டத்தில் போன வருடங்களில் தன் தோளைப் பிடித்து இடிபடாமல் காத்த கையைத்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவை திரும்பிப் பார்த்திருக்கலாம்.

“என் வேலை முடிஞ்சுது,” என்று ஷரீபா பீவி எழுந்தார். “எடுத்தது யாருன்னுதானே கேட்ட? சொல்லிட்டேன். வெள்ளிக்கிழமை என்ன செய்யணும்கிறது என் லைன் இல்லை.”

வேல்விழி போனை எடுத்தாள். பதினாலு மாதமாக அழுத்தாத எண். அழித்திருக்கவுமில்லை. முதல் மணியிலேயே எடுத்துவிட்டான். பின்னால் கடை இரைச்சல். பிறகு கதவு சாத்துகிற சத்தம், அமைதி.

“வேலு?”

“ம்.”

அவன் மூச்சு விடுவது கேட்டது. எதையெதையோ கேட்க வந்து, கடைசியில் கேட்கத் தைரியமிருந்ததை மட்டும் கேட்டான். “ஸ்கிரீன் வந்துச்சா?”

வேல்விழி திரையைப் பார்த்தாள். கல்யாணப் பெண்ணின் மூக்குத்திக் கல்கூடத் தனியாக மின்னிக்கொண்டிருந்தது.

“வரலை,” என்றாள்.

“ஏட்டி, அதான் வந்து...” என்று ஆரம்பித்த இசக்கியம்மாளின் வாயை ஷரீபா பீவியின் கை பொத்தியது.

“வரலையா? கேபிளை மேல மாட்டினியா?”

“மாட்டினேன்.”

“இது உள்ளயே கிராஃபிக்ஸ் இருக்க ப்ராசஸர், வேலு. நான் சோதிச்சுப் பாத்துட்டுத்தானே கிளம்பினேன். வராம இருக்கவே இருக்காதே...”

“வரலை. நீங்க வந்து பாத்தாத்தான் உண்டு.”

லைன் அறுந்துவிட்டதோ என்று அவள் போனைக் காதில் இன்னும் அழுத்தினாள்.

“வெள்ளிக்கிழமைக்கு முன்னால வரணுமா?” என்று கேட்டான். குரல் மாறியிருந்தது.

“இன்னைக்கே.”

“சரி,” என்றான் மகாராஜன். “அதுவரைக்கும் அந்தக் கேபிளைக் கழத்தாத. கிளம்பிட்டேன்.”